சம்மந்தியம்மாவுக்கு நான் சொன்ன ‘போ’

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருஷம் தயங்கினேன். கடைசியில் சாமி முன்னால் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளை வந்தால் எழுதலாம், சிவப்பு வந்தால் கூடாது. சிவப்பு வந்தது. இன்னொரு முறை பார்த்தேன், அதுவும் சிவப்பு. மூன்றாவது முறை வெள்ளை. மூன்றாவதுதான் சாமியின் முடிவு என்று எடுத்துக்கொண்டேன்.

என் மகன் சரவணன் லிஸ்பனில் ஒரு ஓட்டல் சமையல்கூடத்தில் வேலை பார்க்கிறான். அங்கே இனேஸ் என்ற பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். பெண்ணின் அம்மா தெரேசா, “வீட்டை நேரில் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொல்வேன்” என்றாராம். நியாயம்தானே? அந்த அம்மாளைச் சரவணனே அழைத்து வந்தான். வந்த மறுநாளே ஏதோ பத்திர வேலையாக இரண்டு நாள் சென்னைக்குக் கிளம்பிவிட்டான்.

“அம்மா, அவங்களுக்குப் போர்ச்சுகீசு மட்டும்தான் தெரியும். போன்ல இங்கிலீசுல அடிச்சா மாத்திக் குடுக்கும். அவங்க நல்லா நடப்பாங்க, அந்த வார்த்தைங்கள மட்டும் எழுதி வச்சிக்க” என்றான்.

நான் எட்டாவது வரை படித்தவள். நோட்டில் பிள்ளையார் சுழி போட்டு உட்கார்ந்தேன். நட என்பதற்கு ‘அந்தார்’. ஏறு என்பதற்கு ‘சுபீர்’. மெதுவாக என்பதற்கு ‘த்வகார்’. எனக்கு ஓர் ஆச்சரியம் என்னவென்றால், நம் சாவி, ஜன்னல், மேசை, அலமாரி எல்லாம் அவர்கள் வார்த்தைகளாம். காலையில் நான் “சாவி” என்றதும் அந்த அம்மாள் சாவியை எடுத்து நீட்டினார். வீட்டுக்குள் இருக்கும்வரை நாங்கள் சொந்தக்காரர்கள் மாதிரி இருந்தோம். வாசற்படி தாண்டினால்தான் ஒரு வார்த்தையும் ஒத்துவரவில்லை. (முன்காலத்தில் கப்பலில் வந்தவர்கள் சாமான்களோடு நின்றுவிட்டார்கள்போல, நடக்கவே இல்லை!)

அடுத்து ‘போ’. போன் ‘வாய்’ என்று காட்டியது. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். வீட்டை விட்டுக் கிளம்புகிறவரைப் பார்த்து மொட்டையாகப் ‘போ’ என்போமா? துக்க வீட்டிலிருந்துதான் ‘வரேன்’ சொல்லாமல் கிளம்புவோம். அதுவும் இவர் சம்மந்தியாகப் போகிறவர். ஆகவே ‘போய்விட்டு வா’ என்பதை இங்கிலீசில் அடித்து, வந்ததை எழுதிக்கொண்டேன்: ‘வாய் இ வோல்டா’. அன்றைக்கு என்னைப் போல் புத்திசாலி அரூர் தாலுகாவிலேயே இல்லை என்று நினைத்தேன்.

காலையில் தெரேசா அம்மா ஷூ மாட்டினார். நான் கைகூப்பி, “வாய் இ வோல்டா” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பால் சொசைட்டிவரை போய்த் திரும்பி வந்தார். அரைமணி கழித்து மறுபடியும் கிளம்பினார். நானும் மறுபடி சொன்னேன். அவரும் திரும்பி வந்தார். எதிர்வீட்டுப் பச்சியம்மாளுக்கு இது பிடித்துப்போயிற்று. “அக்கா, எனக்கும் சொல்லிக் குடுங்க, நானும் சொல்றேன்” என்று கற்றுக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க, களை எடுத்துவிட்டு வந்தவர்கள்கூட, அந்த அம்மாளைப் பார்த்த இடத்தில் எல்லாம் “வாய் இ வோல்டா” என்றார்கள். பாவம், பால் சொசைட்டியைத் தாண்ட விடவில்லை.

மறுநாள் அவர் ஷூவைத் தொடவே இல்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மகளோடு போனில் பேசினார். சற்று நேரத்தில் சரவணன் என்னைக் கூப்பிட்டான்.

“ஏம்மா, அவங்கள வெளியவே விடமாட்டேங்கறியாமே? கால எடுத்து வச்சா ‘திரும்பி வா, திரும்பி வா’ன்னு தெருவே சொல்லுதாம். பொம்பளைங்கள அடைச்சி வக்கிற வூட்டுக்கு எம்பொண்ண அனுப்பமாட்டேன்னு சொல்லிட்டாங்க.”

“நான் மரியாதைக்குத்தானே சாமி சொன்னேன்?”

“மரியாதை போதும். ‘வாய்’னு மட்டும் சொல்லு. இல்லன்னா கல்யாணம் இல்ல.”

தீர்த்தகிரீஸ்வரரை நினைத்தேன். குலதெய்வத்தை நினைத்தேன். தெரேசா அம்மாவின் காலடியில் ஷூவைக் கொண்டுபோய் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, “வாய்” என்றேன். கண்ணைத் திறந்தபோது அவரும் இல்லை, ஷூவும் இல்லை.

பத்து மணி ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. அவர் போன் மேசைமேல் அடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் வயலிலிருந்து வந்தார்.

“எங்கமே அந்தம்மா?”

“போன்னு சொன்னேன். போயிட்டாங்க.”

“கட்டி முப்பது வருசமாச்சு, என்னை ஒருநா அப்படிச் சொன்னதில்ல. விருந்தாளிய சொல்லிட்டியே!”

மொபெட்டில் என்னை ஏற்றிக்கொண்டார். வழியில் ஒரு டீக்கடையில், “வெள்ளக்காரம்மாதானே? மலைப்பக்கம் போறாங்க. டீ குடுத்தேன், நிக்கலையே” என்றார்கள். ஏழு கிலோமீட்டர்! தீர்த்தமலை அடிவாரத்தில் மொபெட்டை நிறுத்தினோம். முட்டிவலியோடு, படிக்கு ஒரு சாமி பேரைச் சொல்லி ஏறினேன். பாதி மலையில், தலை ஈரமாக, நெற்றி நிறைய விபூதியோடு, ஊத்தங்கரைப் பக்கத்துப் பெண்கள் இருவர் நடுவில் உட்கார்ந்து புளிசாதம் தின்றுகொண்டிருந்தார் தெரேசா அம்மா. ஒருத்தி கேட்டாள்: “உங்க வூட்டு ஆளுங்களா? தனியா வுட்டுட்டீங்களே, நல்ல சனம்!”

நான் அவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். “இனிமே அந்த வார்த்தைய சொல்லமாட்டேன், சாமி சத்தியமா சொல்லமாட்டேன்” என்று தமிழிலேயே புலம்பிக்கொண்டு அழுதேன். அவர் ஒரு கை சோற்றை என் வாயில் ஊட்டிவிட்டு, என் கண்ணைத் தன் துண்டால் துடைத்தார்.

வீட்டுக்காரர் சரவணனுக்குப் போன் போட்டுக் கொடுத்தார். தெரேசா அம்மா நெடுநேரம் பேசினார். பிறகு அவன் என்னிடம் சொன்னான்: “அம்மா, அவங்க மாதா கோயிலுக்கு நாலு நாள் நடந்தே போவாங்க. கிளம்பறப்பல்லாம் அவங்கம்மா வாசல்ல நின்னு இப்படித்தான் அழுவாங்களாம். நீ அடைச்சி வக்கல, பயப்படறேன்னு இப்பதான் புரிஞ்சுதாம். முகூர்த்தம் பாக்கச் சொல்றாங்க.”

கல்யாணம் முடிந்து பேத்திக்கு நான்கு வயது. இன்றைக்கும் நான் பூ வாங்கக் கிளம்பினால், “பால் சொசைட்டிவரைக்குமா, மலைவரைக்குமா?” என்று வீட்டுக்காரர் கேட்காமல் இருப்பதில்லை.

ஒரே ஒரு வேண்டுதல். இதைப் படிப்பவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் எழுதியதை எழுதியபடியே சொல்லுங்கள். கம்பைநல்லூர்ச் சொந்தக்காரர்கள் வாயில் இந்தக் கதை, நான் சம்மந்தியைத் துடைப்பத்தோடு துரத்தினேன் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. சாமி அறிய, என் கையில் அன்றைக்குத் துடைப்பம் இல்லை. ஷூதான் இருந்தது. அதையும் காலடியில்தான் வைத்தேன்.