காந்தத்தாரின் பல்லில்லாத சாவி

தலைமன்னாரிலிருந்து கொண்டச்சி வரை சல்லடை போட்டுத் தேடினாலும் காந்தத்தாரைப் போல இன்னொருவர் கிடைக்கமாட்டார். கிடைத்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லாதீர்கள். நான் வவுனியாவுக்கு ஓடிவிடுவேன்.

பேசாலையில் நான் வேலை பார்த்த மீன் குளிரறைக்கு அவர்தான் காவல். பழைய ஒலிபெருக்கியில் கழற்றிய பெரிய காந்தமொன்றைக் கயிற்றில் கட்டி, மணலில் விழுந்த தூண்டில் முட்களைப் பொறுக்கித் திரிவார். பெயர் அப்படி ஒட்டியது.

உப்புக்காற்றில் பூட்டுகள் துருப்பிடித்துப்போக, முதலாளி காந்தச் சாவிப் பூட்டொன்று போட்டார். சாவியில் பல்லே இல்லை. பிஸ்கட் துண்டுபோல மொழுமொழுவென்றிருந்தது. தொலையக்கூடாதென்று காந்தத்தார் அதைத் தன் பெரிய காந்தத்திலேயே ஒட்டிவைத்தார்.

அன்று மத்தியானம் அறுக்குளா மீன் பெட்டிகளைப் பார்க்க உள்ளே போனேன். சோழகக் காற்று கதவை அறைந்தது. பூட்டு தானாகவே பூட்டிக்கொண்டது. உள்பக்கக் கைப்பிடியோ எப்போதோ உடைந்துபோயிருந்தது.

"அண்ணை! திறவுங்கோ!"

"ஓம் தம்பி, இந்தா." சாவி நுழையும் சத்தம். "திரும்புதில்லை."

"ஏன்?"

"சாவிக்குள்ள சின்னச் சின்னக் காந்தம் இருக்கு. பூட்டுக்குள்ள ஊசியளும் காந்தம். வடக்கும் வடக்கும் ஒண்டையொண்டு தள்ளும். எல்லா ஊசியும் விலத்தினாத்தான் திரும்பும். என்ர பெரிய காந்தம் சாவியைக் குழப்பிப்போட்டுது போல."

"நான் விறைச்சுச் சாகப்போறன், நீங்கள் பாடம் எடுக்கிறியளோ!"

"கத்தாதையுங்கோ, கேளுங்கோ. ஒரு ஊசி விலத்தாட்டிலும்..."

முதலில் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்தேன். விரல்கள் மரத்தபோது ஒரு கட்டு. பற்கள் தந்தியடிக்கத் தொடங்கியதும் மடு மாதா கோயிலுக்கு நடந்தே வருவதாகச் சொல்லிவிட்டேன்; சந்தைக்குப் போகவே ஓட்டோ பிடிக்கிறவன் நான். அறுக்குளாக்கள் தங்களுக்குப் பக்கத்தில் எனக்கு இடம் ஒதுக்கிவிட்டதுபோலப் பார்த்தன. அழுதேன். கண்ணீரும் உறைந்துவிடுமோ என்ற பயத்தில் நிறுத்தினேன்.

வெளியே இரும்பு அலவாங்கால் கதவுப் பிணைச்சல்களை இடிக்கும் சத்தம். ஒவ்வொரு இடிக்கும் நடுவில் பாடமும் நிற்கவில்லை.

"தம்பி, வடக்கும் தெற்கும் எண்டால் என்ன செய்யும்?"

"இ... இழுக்கும்."

"சத்தமாச் சொல்லுங்கோ!"

"இழுக்கும்!"

"இன்னொருக்கா! கண்ணை மூடிப்போடாதையுங்கோ!"

நான் பதில் சொல்லப் பிந்தியபோதெல்லாம் அலவாங்கு வெறிகொண்டதுபோல விழுந்தது. கடைசியில் கதவு சரிந்தது. வெயிலும் காந்தத்தாரும் ஒன்றாக உள்ளே விழுந்தார்கள்.

தன் சட்டையைக் கழற்றி என்னைச் சுற்றினார். பொத்தானைப் பூட்ட முடியவில்லை அவருக்கு. குளிரில் கிடந்த என் கையைவிட, வெயிலில் நின்ற அந்தக் கைகள்தான் அதிகமாக நடுங்கின.