டிரில் மாஸ்டரின் இடது கால்

"மாஸ்டர், நேத்து நல்லாத்தானே நடந்தீங்க? இன்னிக்கு இடது கால் ஏன் இப்படி மக்கர் பண்ணுது?"

பிசியோதெரபிஸ்ட் பெண் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். பக்கவாதத்தில் சோர்ந்துபோன காலுக்கு மறுபடி நடை பழக்கும் இயந்திரம் அது. மேலிருந்து ஒரு பட்டை மாஸ்டரைத் தூக்கிப் பிடித்திருந்தது. இரண்டு இரும்புக் கால்கள் அவர் கால்களோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. அவர் உழைத்தது போக மிச்சத்தை அது உழைக்கும். யார் பங்கு எவ்வளவு என்று திரை காட்டிக்கொடுத்துவிடும்.

"தெரியலையேம்மா" என்றார் மாஸ்டர், முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு.

தெரியாமல் என்ன? "கால் வலி சார்" என்று புளுகிய பிள்ளைகளையெல்லாம் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்ட டிரில் மாஸ்டர், வயதான காலத்தில் அதே புளுகில் இறங்கியிருந்தார்.

காரணம் இருந்தது. வெளிநாட்டில் மகளுக்குப் பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. "அப்பா நடக்க ஆரம்பிச்சதும் கிளம்பி வர வேண்டியதுதான்டி" என்று மனைவி போனில் சொன்னது நேற்று ராத்திரி அவர் காதில் விழுந்துவிட்டது. போனால் ஆறு மாதம். அதுவரை அவரைப் பார்த்துக்கொள்ள அவருடைய தங்கை வருவாள். அவள் வாயைத் திறந்தால் மூடமாட்டாள், சமையலில் உப்பைக் கண்ணில் காட்டமாட்டாள். அதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளலாம். மனைவி இல்லாத வீட்டைத்தான் அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது.

ஆகவே காலைத் தொங்கப்போட்டார். இயந்திரம் பரம சாது. முழுப் பாரத்தையும் தானே சுமந்தது.

"பட்டை தளர்ந்திருக்கும்" என்று அந்தப் பெண் இறுக்கினாள். மாஸ்டருக்குத் தொடை பிதுங்கியது. கால் அசையவில்லை.

"அப்போ மெஷின்லதான் கோளாறு" என்று மெக்கானிக்கை வரவழைத்தாள். மாஸ்டரை இறக்கி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அவளே பட்டையை மாட்டிக்கொண்டு ஏறினாள். இயந்திரம் அவளை ஜம்மென்று நடத்திக் காட்டியது.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு மேடம். ஆள்தான்..." என்று இழுத்த மெக்கானிக், மாஸ்டர் முறைத்த முறைப்பில் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நழுவினார்.

மாஸ்டரை மறுபடி ஏற்றினார்கள். மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏங்க, கொஞ்சம் மனசு வச்சு நடங்களேன். எனக்காக."

அவள் குரல் உடைந்தது. மாஸ்டருக்கு என்னவோ போலாகிவிட்டது. அந்தத் தடுமாற்றத்தில் எந்தக் காலை முடக்கவேண்டும் என்பதே மறந்துபோனது. நல்ல காலான வலது கால் துவண்டு தொங்க, இடது கால் அணிவகுப்புக்குக் கிளம்பியது.

"ஐயையோ, நல்ல காலும் போச்சா!" என்று அலறினாள் பிசியோதெரபிஸ்ட்.

டாக்டர் ஓடிவந்தார். ஒரு காலை மட்டும் அசைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயந்து, மாஸ்டர் இரண்டையும் மரக்கட்டையாக்கிக்கொண்டார். டாக்டர் தட்டினார், கிள்ளினார். மாஸ்டர் கண்ணீரை அடக்கிக்கொண்டு சிரித்தார்.

"எதுக்கும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம்" என்றார் டாக்டர், மனைவியிடம். "இன்னும் ரெண்டு மாசத்துக்குப் பயணம் அது இதுன்னு மூச்சு விடாதீங்க."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போனை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனாள்.

மாஸ்டருக்கு விசிலடிக்கவேண்டும் போலிருந்தது. அவளை அழவைத்தது உறுத்தத்தான் செய்தது. ஆனால் போகமாட்டாள்! மகளிடம் விஷயத்தைச் சொல்லப் போயிருப்பாள். நாளையிலிருந்து ஒழுங்காக நடந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சரிக்கட்டிவிடலாம்.

பட்டையை அவிழ்க்க ஆயா வந்தாள்.

"என் வீட்டம்மா யார்கிட்ட பேசிட்டு இருக்கா ஆயா?" என்று ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார்.

"உங்க டிக்கெட்டை ரத்து பண்ணச் சொல்லிட்டு இருக்காங்கய்யா. ரெண்டு பேருமா மக வீட்டுக்குப் போறதா இருந்துச்சாம், முன்னாடியே சொன்னா அவசரப்பட்டு நடந்து விழுந்து வைப்பீங்கன்னு அம்மா மறைச்சு வச்சிருந்தாங்க. பிரசவம் காத்திருக்காதுன்னு இப்ப அவங்க மட்டும் கிளம்புறாங்க, உங்க தங்கச்சி சாயங்காலமே வந்துடுறாங்களாம்!"