முளைக்காத கால்

பெங்களூர் கண்டோன்மெண்டில் கிழவனாக மாட்டேன் என்று சர்க்காரோடு சண்டை போட்ட ஒரே மனிதர் எங்கள் கட்டைக்கால் ஹவில்தார்தான். முதல் மகாயுத்தத்தில் ஈராக்கில் பஸ்ரா பக்கம் இடது காலைக் கொடுத்துவிட்டு வந்தவர்.

நான் அப்போது பென்ஷன் ஆபீசில் குமாஸ்தா. காயத்துக்காகப் பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை வெள்ளைக்கார டாக்டர் துரையிடம் காயத்தைக் காட்ட வேண்டும். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வருவார்கள். ஹவில்தாருக்கோ அன்று திருவிழா. மீசைக்கு மை, கட்டைக்காலுக்கு எண்ணெய். ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ஜட்கா வண்டியில் வந்து இறங்கி, கட்டையைக் கழற்றி மேஜைமேல் வைப்பார்.

"நல்லா பாருங்க துரை, முளைச்சிருக்கா?"

துரை குனிந்து பார்த்து, இல்லை என்று தலையாட்டுவார். ஹவில்தார் ஒரு சல்யூட் அடித்துவிட்டு, பதக்கம் வாங்கியவர் மாதிரி வெளியே போவார்.

அறுபது வயதானதும் வந்தது வினை. காயப் பென்ஷன் நின்று வயோதிகப் பென்ஷன் தொடங்க வேண்டும். பணம் குறையாது, காலையும் காட்ட வேண்டாம். சந்தோஷப்படுவார் என்று நினைத்து நான்தான் சொன்னேன்.

"அப்போ என் காலு?"

"அது இனிமே வேணாம் சாப். வயசுக்கே குடுக்குறாங்க."

"வயசா? சும்மா குந்திக்கினு இருந்தா கழுதைக்குந்தான் வயசாவுது! நான் காலைக் குடுத்தவன்யா. பிச்சைக் காசு எனக்கு வேணாம், பாபு!"

கையெழுத்துப் போடாமல் போய்விட்டார். அடுத்த மாதமும் வரவில்லை. அதற்கடுத்த மாதம் அவர் மனைவி மேரியம்மாள் வந்தார். காதில் கம்மலைக் காணோம்.

"அவரு ரோஷத்தை உலையில போட்டா சோறாவுமா தம்பி? நீதான் ஏதாச்சும் பண்ணணும்."

சட்டத்தைப் புரட்டினேன். காலைப் பார்க்க வேண்டும் என்று அதில் இல்லை. பார்க்கக் கூடாது என்றும் இல்லை. 'காலைப் பார்க்க வேண்டியிருக்கிறது, உடனே வரவும்' என்று ஆள் அனுப்பினேன்.

மறுநாளே ஜட்கா வந்து நின்றது. மீசையில் புது மை. கட்டை பளபளவென்று என் மேஜைமேல் ஏறியது. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தேன். ஆபீசே எழுந்து நின்று பார்த்தது.

"இன்னும் முளைக்கல சாப்."

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன். அடுத்த வருஷமும் வந்து காட்டணும்."

"அப்படிச் சொல்லு!" என்று பேனாவைப் பிடுங்கி, நான் நீட்டிய வயோதிகப் பென்ஷன் காகிதத்தில் எதற்கென்று படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் அவர் இருந்தவரை வருஷம் தவறாமல் வந்தார்; நானும் வருஷம் தவறாமல் பார்த்தேன். அவர் வராத முதல் வருஷம், அந்த நாள் முழுக்க என் மேஜைமேல் ஒரு காகிதம்கூட வைக்க எனக்கு மனம் வரவில்லை.