செபமாலை அச்சு

பேசாலை,
1912 ஆனி.

அன்புள்ள சிங்கராசா மாமாவுக்கு,

மாதா உங்களையும் மாமியையும் காப்பாராக. இங்கே எல்லோரும் சுகம், அம்மாவின் கழுத்தைத் தவிர. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

மன்னார்க் கோட்டையில் பழைய சாமான்களை ஏலம் போட்டார்கள். வள்ளத்துப் பாய்க்குச் சீலை எடுக்கப் போன அப்பா, அது வேறொருவருக்குப் போனதும் வெறுங்கையோடு திரும்பக் கூச்சப்பட்டு, ஒரு மரப்பெட்டியை எடுத்து வந்தார். உள்ளே பாக்குவெட்டி போல ஓர் இரும்புச் சாமான். வெட்டும் அலகு இல்லை. இரண்டு வாயிலும் அரை உருண்டையாய்க் குழி, மூடினால் மேலே சிறு துளை. அம்மா பாக்கு வைத்து அமத்திப் பார்த்தா. பாக்கு முழுசாகவே திரும்பி வந்தது. அப்பா மட்டும் யோசிக்கவேயில்லை.

"கோட்டைக்குள்ள பறங்கியள் கட்டின கோயில் இருந்ததெல்லே. சாமிமார் செபமாலை மணி வார்த்த அச்சு இது."

உடனே பழைய வலை ஈயத்தை உருக்கி வார்த்தார். மணிகள் அவ்வளவு உருண்டை. நான் ஆணியால் துளைத்துத் தூண்டில் கயிற்றில் கோத்தேன். அம்மா அதைப் போட்டுக்கொண்டு முழந்தாளில் இருந்தா, பிறகு எழும்ப முடியவில்லை, நானும் அப்பாவும் தூக்கிவிட்டோம். "இந்தப் பாரம் மாதாவுக்குத்தான் தாங்கும்" என்று அப்பா அதைத் திருநாளுக்கு மாதா சுரூபத்துக்கு நேர்ந்துவிட்டார்.

அப்போதுதான் வழமையாகக் கருவாடு வாங்கும் அபூசாலி காக்கா வந்து, ஒரு மணியை உருட்டிப் பார்த்தார்.

"யாகப்பர், இது துவக்குக் குண்டு. முசலிக் காட்டில மான் சுடுறவங்கட பையில கண்டிருக்கன்."

"தஸ்பீஹ் மணி உருட்டிற கையால எங்கட மணியைப் பழிக்கலாமோ காக்கா?"

"பழிக்கேல்ல. மாதாவுக்கு முன்னால மெழுகுதிரி கொளுத்துவியள். குண்டு வெடிச்சிடுமோ எண்டுதான் என்ர பயம்."

அப்பா கருவாட்டுக் கடகத்தை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிட்டார். அன்று தொடக்கம் கதை பேச்சு இல்லை. கருவாடு வீட்டுக்குள் குவிந்து நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சாப்பிடுகிறோம். காக்காவின் வண்டி படலையைத் தாண்டும்போது மட்டும் அப்பா வலையைப் பார்த்தபடி இருமுகிறார். வேறு சிநேகிதர் அவருக்கு இல்லை, மாமா.

நீங்கள் கொழும்பில் துவக்குப் பிடிக்கிற உத்தியோகம். படம் வரைந்திருக்கிறேன். செபமாலை அச்சு என்றால் அப்பாவுக்கு எழுதுங்கோ. வேறு ஏதும் என்றால் எனக்கு எழுதுங்கோ.

மாமியின் கைக்கு என் முத்தம். பிள்ளைகளைச் சம்மனசுகள் காக்கட்டும்.

உங்கள் மருமகள்
மாக்கிறட்

பி.கு: மேலே எழுதியதை விட்டுவிடுங்கோ. கடிதத்தை ஒட்டமுன் வண்டிச் சத்தம் கேட்டு, வெட்கத்தை விட்டுப் படலையில் போய் நின்றேன். நான் கூப்பிடமுன் மாடு தானாக நின்றது. காக்கா வண்டிக்குள்ளிருந்து தன் மாமனாரின் பழைய துவக்கை எடுத்து வந்து, அப்பாவுக்கு முன்னால் ஒரு மணியைக் குழலில் போட்டார். அது வழுக்கிக்கொண்டு போய் அடியில் 'டொக்' என்றது. அப்பா குழலைக் கவிழ்த்து மணியைக் கையில் ஏந்தினார். பிறகு, "சுடப் பிறந்ததைச் செபம் சொல்ல வைச்சிட்டம். இதைவிட மாதாட புதுமை வேணுமோ காக்கா?" என்றார். காக்கா சிரித்துக்கொண்டு கடகத்தைத் தூக்கினார். சுவாமியாரும் சம்மதம், மெழுகுதிரியை மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்கட்டாம்.

பெட்டியில் ஒரு பித்தளைக் குடுவையும் இருக்கிறது, உள்ளே ஒட்டியிருந்த கறுப்புத் தூளில் திருநாள் வெடி மணந்தது. மூக்கை அமத்தினால் அளவாய்க் கொஞ்சம் மட்டும் ஊற்றும். அப்பா அதைத் தீர்த்தக் குடுவை என்கிறார். மேலே இரண்டு துவக்குகள் குறுக்கே பொறித்திருக்கின்றன, அதைச் சிலுவை என்கிறார். அம்மா தீர்த்தம் நிரப்பிவிட்டா. அது என்னவென்று உங்களுக்குத் தெரிந்தால், மாமா, தயவுசெய்து எழுதாதேங்கோ.