டப்பாவோடு விருந்துக்குப் போன ஐரின்

பெங்களூரில் ஆர்கானிக் அன்பர்கள் என்றோர் இனம் பெருகி வருகிறது. அடையாளம் காண்பது சுலபம். பூச்சி அரித்த கத்தரிக்காயைக் கண்டால் நீங்களும் நானும் முகம் சுளிப்போம். அவர்களுக்கு முகம் மலரும். "பூச்சியே நம்பிச் சாப்பிடுது பாருங்க!" என்பார்கள்.

ரிச்சர்ட்ஸ் டவுன் ஐரின் இந்த இனத்தில் நன்றாக முற்றிய ரகம். ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதலாய்ச் சிவப்பரிசி, செக்கெண்ணெய், மண் ஒட்டிய கேரட் என்று வாங்கிக் குவித்ததோடு நில்லாமல், அடுத்தவர் தும்மினால் 'யூரியா', இருமினால் 'பூச்சிமருந்து' என்று காரணமும் சொல்லி, கல்யாண வீட்டுக்கும் சொந்தச் சாப்பாட்டு டப்பாவோடு போய்வந்தார். டாக்டருக்குப் படிக்கும் தங்கை மகன் நீல் ஒருமுறை வாயைக் கொடுத்தான்.

"பெரியம்மா, ஆர்கானிக்ல பூச்சிமருந்து மிச்சம் கம்மியா இருக்கும், நெஜந்தான். ஆனா சத்துல பெரிய வித்தியாசம்னு உறுதியா நிரூபணம் ஆகலை."

"நிரூபணத்தையா தாளிச்சுச் சாப்பிடறது?"



இப்படியிருக்க, பக்கத்து வீட்டு பிரிஜெட்டின் மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. பிரிஜெட்டும் ஐரினும் கல்யாணமாகி வந்த காலத்துத் தோழிகள். வாசலில் டப்பாவைப் பார்த்ததும் பிரிஜெட்டின் முகம் சுண்டிப்போனது.

"என் மக விசேஷத்துல கூட என் வீட்டுச் சோறு ஆகாதா? அப்போ இனிமே எதுக்குடி இங்க வர்றே?"

ஐரினுக்குச் சுருக்கென்றது. பந்தியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். உள்ளே சிவப்பரிசிச் சோறும் அவித்த பீன்ஸும். எதிரே, அப்போதுதான் தம் உடைத்த மட்டன் பிரியாணி. ஐரின் டப்பாவை மூடினார்.

"பிரிஜெட், இது ஆர்கானிக்தானே?"

பிரிஜெட்டின் கணவர் ஆம்ப்ரோஸ், காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் வாங்கியதையெல்லாம் காலையில் ஆட்டோவிலிருந்து இறக்கியபோது, ஜன்னலில் நின்று பார்த்தவரே ஐரின்தான். தெரிந்துதான் கேட்டார். பிரிஜெட் ஒரு கணம் விழித்தார், பிறகு புரிந்துகொண்டார்.

"ஆமா ஆமா, சுத்த ஆர்கானிக்! ஆடு கூட புல்லைத் தவிர எதையும் தொட்டதில்ல!"

"அதானே, வாசனையே சொல்லுதே! ஸ்வல்ப போடு, போதும்."

அந்த ஸ்வல்பம் இரண்டு தட்டு ஆயிற்று. பிரிஜெட் சிரித்துக்கொண்டே, கண்ணையும் துடைத்துக்கொண்டே, தன் கையாலேயே பரிமாறினார். கூட வந்திருந்த நீல் பக்கத்து நாற்காலியிலிருந்து குனிந்து, "பெரியம்மா..." என்று ஆரம்பித்தான்.

"பேசாம எலும்பைக் கடிடா."

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் பாக்கெட்டின் மேல் ஒரு பச்சை இலை அச்சடித்திருந்தால், 'இது உடம்புக்கு நல்லது' என்று இரண்டாவது பாக்கெட் முறுக்கையும் பிரிக்கிறதே ஒரு கை, அது யாருடையது? கொஞ்சம் குனிந்து பாருங்கள்.