கல் பெண்ணின் கன்னமும் என் கட்டைவிரலும்

மதிப்பும் அன்பும் மிக்க மச்சானுக்கு,

இங்கே நான், உங்கள் தங்கை, பெயிண்ட் கடை மூவரும் சௌகரியம். அங்கே உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகளைச் சிற்பம், ரசாயனம் என்று படிக்க வைக்கச் சொன்னவர் நீங்கள். ஆகவே அவளை அந்த அருங்காட்சியகத்திலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்து என் கடையில் உட்கார வைக்கும் பொறுப்பும் உங்களுடையதே. எனக்குக் கோபம் இல்லை, குழப்பம்தான். போன வாரம் அவள் வேலை செய்யும் கூடத்துக்குப் போனேன். மேஜைமேல் இடைக்காலத்துக் கல் சிலை, ஒரு பெண், பாதி மூக்கு. என் மகள் தலையில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குச்சியில் சுற்றிய பஞ்சை வாயில் வைத்து நனைத்து, சிலையின் தாடையில் உருட்டுகிறாள்! தொட்ட பஞ்சைத் திரும்ப வாயில் வைப்பதில்லையாம், அந்த மட்டும் பிழைத்தோம். "என்னம்மா அசிங்கம் இது?" என்றேன். "எச்சில்தாம்ப்பா அழுக்க மட்டும் எடுக்கும், வர்ணத்தத் தொடாது." "ஒரு டின் தின்னர் அனுப்பறேன், நிமிஷத்துல முடிஞ்சிரும்." நான் கொலைக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னதுபோல் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கல்லில் ஏது வர்ணம் என்கிறீர்களா? நானும் அதைத்தான் கேட்டேன். அந்தக் காலத்தில் தலைமுதல் கால்வரை பூசுவார்களாம். சிலையின் உடையிலிருந்து எடுத்த ஊசிமுனைத் துணுக்கை நுண்ணோக்கியில் காட்டினாள். அடியில் வெள்ளை, அதன்மேல் சிவப்பு, அதன்மேல் நீலம், எல்லாவற்றுக்கும் மேல் கரி. "இதுல எதும்மா அசல்?" "கரியத் தவிர எல்லாமே அசல்தாம்ப்பா. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு காலத்து ஆளுங்க பூசினது." ஒரு சரக்குக்கு மூன்று அசலா, மச்சான்? என் கடையில் இப்படிச் சொன்னால் வாங்க வந்தவர் டின்னை என் தலையிலேயே கவிழ்ப்பார். குழம்பிப்போய், யாரும் பார்க்காத நேரத்தில், அந்தக் கல் பெண்ணின் கன்னத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவிப் பார்த்தேன். வியாபாரிக்குத் தடவாமல் நம்பிக்கை வராது.

மறுநாள் மகள் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள். துப்பாக்கி மாதிரி ஒரு எக்ஸ்ரே கருவி வைத்திருக்கிறார்கள், எந்த வர்ணத்தில் என்ன உலோகம் என்று சொல்லிவிடும். அது முகத்து வெள்ளையில் டைட்டானியம் என்றுவிட்டதாம். அந்தக் காலத்தில் ஈய வெள்ளைதான், டைட்டானியம் நேற்று வந்த சரக்கு. ஆகவே முகத்தில் இருப்பது யாரோ இந்தக் காலத்தில் அடித்த பூச்சு, எடுத்துவிடலாம் என்று அந்தக் கூடத்து அதிகாரியம்மா முடிவு கட்டிவிட்டார். "அது பழசுதாம்ப்பா, எனக்குத் தெரியும். நாளைக்குச் சுரண்டிட்டா அவ முகமே போயிடும்," என்று அழுதாள். நான் அவள் கண்ணைத் துடைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டாள். பாசம் என்று நினைத்தேன்.

"அப்பா, நகத்துல என்ன?"

"கடை வெள்ளைம்மா. தினமும் கலக்கறதுதானே?"

"நேத்து சிலையத் தொட்டீங்களா?"

விடிந்ததும் திருடனைக் கொண்டுபோவதுபோல் என்னைக் கொண்டுபோனாள். மனிதக் கையில் அந்தக் கருவியைக் காட்டக் கூடாதாம். நகத்தைப் பஞ்சால் துடைத்து, பஞ்சைச் சோதித்தார்கள். டைட்டானியம்! என் விரல் படாத மறு கன்னத்தையும் பார்த்தார்கள். ஈயம், ஈயம் மட்டும். சுரண்டும் பேச்சு நின்றது. "உங்க சரக்கு நல்லாவே ஒட்டுதுங்க," என்றார் அதிகாரியம்மா. அது பாராட்டா என்று கேட்டேன், ஒரு ஜோடி கையுறையை எடுத்துக் கொடுத்தார். என் கட்டைவிரல் தடத்தை எடுக்க என் மகள் சாயங்காலம் வரை பஞ்சு உருட்டினாள்.

ஒரு அப்பன் சும்மா தடவியதில் ஒரு முகம் போக இருந்தது என்றால் இது என்ன வேலை, மச்சான்? நீங்கள் சொன்னால் கேட்பாள். பக்குவமாகப் பேசி அவளைக் கடைக்கு அனுப்பிவையுங்கள். உங்கள் முழங்காலும் குடும்பமும் நீடூழி நல்லபடியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் கடைக் கதவுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தார். பழசைச் சுரண்ட ஆரம்பித்த மூலையில் பழுப்புக்கு அடியில் ஒரு பச்சை, பச்சைக்கு அடியில் நான் பார்த்தே இராத ஒரு மஞ்சள். நிறுத்தச் சொல்லிவிட்டு, குச்சியில் பஞ்சைச் சுற்றிக்கொண்டு நானே உட்கார்ந்துவிட்டேன். "முதலாளி, நான் பிரஷ்ஷ எடுக்கவா, இல்ல உங்ககூட உக்காந்து நானும் துப்பவா?" என்கிறார். கடை இன்னும் திறக்கவில்லை. மகளிடம் வேலையை விடச் சொல்லிப் பேசவேண்டாம். ஒரு சந்தேகம் மட்டும் கேட்டு எழுதுங்கள்: வாய் வறண்டுபோனால் அங்கே என்ன செய்வார்கள்? நான் கேட்டால் சிரிப்பாள்.