பாஸ்போர்ட்டின் பூர்வீகமும் மச்சினனின் சிங்கப்பூரும்

என்னிடம் மணி கேட்டால் கடிகாரத்தின் வரலாறு சொல்வேன். (ஒருமுறை சொன்னேன். கேட்டவர் பஸ்ஸைக் கோட்டைவிட்டார்.) இந்த வியாதி குடும்பத்துக்குள் பரவி சேதம் செய்த கதை இது.

என் மனைவி சாந்தியின் தம்பி குமரேசனுக்குச் சிங்கப்பூரில் வேலை அமைந்தது. பாஸ்போர்ட் வந்தால் கிளம்ப வேண்டியதுதான். செல்லிப்பட்டில் இருக்கும் எங்கள் வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தான். விசாரிக்க ஏட்டு ஒருவர் வந்து, எங்கள் பக்கத்துப் போலீஸின் சிவப்புத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சாந்தி காபி போட உள்ளே போனாள். எனக்கு அந்த இடைவெளி போதுமாக இருந்தது.

"பாஸ்போர்ட்னா இன்னா அர்த்தம் தெரியுமா சார்?"

"ஃபாரின் போற புக்கு."

விடுவேனா? அது பிரெஞ்சுச் சொல் என்று ஆரம்பித்தேன். 'பாஸே' என்றால் கடப்பது. 'போர்' என்றால் துறைமுகம். ஆகவே துறைமுகத்தைக் கடக்க அனுமதி என்பது ஒரு கட்சி. இல்லை, அது 'போர்த்', அதாவது கோட்டை வாசல் என்பது எதிர்க்கட்சி. இரண்டு கட்சிக்கும் நானே வாதாடினேன். ஏட்டு வாயைப் பிளந்தார். (வியப்பு என்று நினைத்தேன். கொட்டாவி.)

"துறைமுகமோ வாசலோ, பையன் ஒரு வருசமா இந்த வூட்லதான இருக்காரு?"

'ஆமாம்' என்றால் முடிந்தது. ஆனால் நான் அப்போதுதான் உச்சகட்டத்துக்கு வந்திருந்தேன். அந்தக் காலத்தில் அது அரசர் கொடுத்த கடிதம். 'இவனை விடுங்கள், நான் பொறுப்பு' என்று ஒருவர் இன்னொருவருக்காகக் கொடுக்கும் வாக்கு என்று முழங்கியிருந்தேன். அதே வாயால் பிழையான தகவலா?

"அப்படிச் சொல்ல முடியாது சார். ஆடிப்பெருக்குக்கு மறுநாள் சேதராப்பட்டுக் கம்பெனியில சேர்ந்தான். நைட் ஷிப்ட். அங்கயே ரூம் எடுத்துட்டான். ஞாயித்துக்கிழமை கறி எடுத்தா வருவான். தீபாவளிக்கு வந்தான். பொங்கலுக்கு வரல, ஓ.டி."

கொட்டாவி நின்றது, பேனா ஓடியது. காபியோடு வந்த சாந்தி, டம்ளரைக் கீழே வைக்க மறந்து நின்றாள்.

கொடுத்த முகவரியில் வசிக்கவில்லை என்று அறிக்கை போயிற்று. பாஸ்போர்ட் நின்றது. சிங்கப்பூர்க்காரர்கள் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள்.

"இன்னா மாமா நீ, வராத பொங்கலக்கூடவா சொல்லுவ?" என்றான் குமரேசன். அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை.

"வாக்குன்னா..." என்று தொடங்கினேன்.

"அந்த ராசா கடுதாசியில, இவன் கறி எடுத்தாதான் வூட்டுக்கு வருவான்னு எழுதியிருந்திச்சா?" என்றாள் சாந்தி.

நான் படித்தவரையில் அதற்கு ஆதாரமில்லை.

குமரேசன் ரூமைக் காலி செய்துவிட்டு எங்கள் வீட்டோடு வந்து தங்கி, மறுபடி விண்ணப்பித்தான். அதே ஏட்டு வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டதும், சாந்தி என்னைக் குளியலறையில் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டாள். கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சார் இல்லீங்களா?"

"வெளியூரு போயிருக்காரு."

"நல்லதாப் போச்சி," என்றார் ஏட்டு, மனப்பூர்வமாக.

பாஸ்போர்ட் வந்தது. வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்து, குமரேசன் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறான். ஆனால் சாந்திக்கு அந்த ஏற்பாடு பிடித்துப்போய்விட்டது. ரேஷன் கார்டு சரிபார்க்க வந்தாலும் பேங்கிலிருந்து வந்தாலும் நான் வெளியூர்தான். பாஸ்போர்ட்டே எடுக்காதவன், எங்கள் குடும்பத்தில் அதிகம் பயணம் போனவன் ஆகிவிட்டேன்.

போன வாரமும் குமரேசன் வீடியோ காலில் வந்தான். "அக்கா, மாமா இன்னிக்கி எந்த நாட்ல கீறாரு?"

சாந்தி போனைக் குளியலறைக் கதவின் பக்கம் திருப்பிக் காட்டினாள். "கேஸ் சிலிண்டர் செக்கிங்குக்கு ஆளு வந்துக்கீதுடா. அவங்க போவட்டும், வுடறேன்."